அண்ணன் அபிஷேகம் செய்த வைபி

என் சொந்த அண்ணனுக்கு எதிராகச் சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். ஈப்போ நகரத்தில், சிலிபின் பக்கம் இது தெரியாதவர்கள் குறைவு. சந்தையில் நான் மீன் வாங்க நின்றால் பின்னால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். பேசினால்கூடப் பரவாயில்லை, அப்படி நிற்பதுதான் எரிச்சல். அவர்களுக்குத் தெரிந்தது ஒரே வரிதான்: பாஸ்டரின் தங்கை பாஸ்டரைக் காட்டிக் கொடுத்துவிட்டாள். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

அண்ணன் பதினைந்து வருடம் சிமெண்டு லோரி ஓட்டியவர். ஒரு விபத்தில் உயிர் தப்பிய பிறகு ஊழியத்துக்கு வந்தார். ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில் எங்கள் சபை. செங்குத்தான படிக்கட்டு, நான்கு மின்விசிறி, அறுபது பிளாஸ்டிக் நாற்காலி. எவ்வளவுதான் வாசனைத் தெளிப்பான் அடித்தாலும் கீழேயிருந்து ரப்பர் நாற்றம் வரும். எனக்கு அது பழக்கம். நான் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் அந்த நாற்றத்தோடுதான் வீட்டுக்கு வருவேன். என் கல்யாணம் நிலைக்கவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி வாடகைக்கு இருந்தேன். சாப்பாடு பெரும்பாலும் அண்ணி கையால்தான்.

சனிக்கிழமை பிற்பகல்களில் சபையில் நான் ஒரு வகுப்பு நடத்தினேன். தீர்க்கதரிசன வகுப்பு என்று பெயர். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், பெரும்பாலும் பெண்கள். பாபிலோன் ராஜா கனவில் கண்ட பெரிய சிலையை ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பில் வீட்டுச் சாயத்தால் நானே வரைந்து சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தேன். தலை பொன், மார்பு வெள்ளி, வயிறு வெண்கலம், கால் இரும்பு, பாதம் இரும்பும் களிமண்ணும். ஒவ்வொன்றும் ஒரு சாம்ராஜ்யம். கடைசியில் யார் கையும் பெயர்க்காத ஒரு கல் வந்து பாதத்தில் மோதும். சிலை தூளாகும், கல் மலையாகும். வரைவது எனக்கு நன்றாக வராது, ராஜாவின் முகம் தோட்டத்தில் கணக்கெழுதிய எங்கள் பழைய கிராணியின் முகம் மாதிரி இருக்கிறது என்று ஒரு அக்கா சிரித்தார். வேண்டுமென்றே அப்படி வரையவில்லை என்று சொல்ல மாட்டேன்.

வகுப்புக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "இப்ப இருக்கற கவர்மென்ட்டு இதுல எந்தக் கால்விரலு அக்கா?" நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ராஜாவும் தான்தான் கடைசி ராஜா என்று நினைத்தான், அதை உடைக்கத்தான் அந்தக் கனவு என்பேன். ராஜாக்களை உட்கார வைப்பதும் இறக்குவதும் கடவுள் வேலை, அவர் யாரிடமும் பட்டியல் கொடுத்து வைக்கவில்லை என்பேன். அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர்களுக்கு நம்பிக்கை வராது. ஈப்போவில் கல் என்றால் எங்களுக்குத் தெரிந்தது குவாரிதான். வெடி வைப்பார்கள், சன்னல் அதிரும், லோரியில் ஏற்றிப் போவார்கள். மனிதன் கை படாத கல் என்று ஒன்றை இந்த ஊரில் நினைத்துப் பார்ப்பது கஷ்டம்.

அண்ணனுக்கு என் பதில் போதவில்லை. ஆட்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு சபைக்குப் போய்விடுவார்கள் என்பார்.

பொதுத் தேர்தல் நெருங்கிய மாதத்தில் அவருக்குத் தெளிவு கிடைத்தது. எங்கள் பகுதியில் முதல் முறையாக நிற்கும் ஒரு தமிழ் வேட்பாளர் அவருக்குப் பழக்கமானார். சட்டமன்ற உறுப்பினரை இங்கே வைபி என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஆள் இன்னும் ஜெயிக்கவே இல்லை, அதற்குள் அண்ணன் வாயில் வைபி, வைபி என்றுதான் வந்தது.

நாங்கள் இருவரும் பிறந்தது கோலா கங்சார் போகும் பழைய சாலையை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில். கம்பெனி ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை போட்டது, பிறகு நிலத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றது. எங்கள் குடும்பம் முன்பே வெளியே வந்துவிட்டது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இருபத்தேழு குடும்பங்கள் மட்டும் இன்னும் இருந்தன. அண்ணன் ஞாயிறு பிற்பகலில் அங்கே போய் ஜெபக்கூட்டம் நடத்துவார். அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்துக்கள். இருந்தாலும் தோட்டத்துப் பிள்ளை என்பதால் வந்து உட்கார்வார்கள்.

ஒரு ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வைபியின் ஆள் ஒருவன் ஒரு கட்டுத் தாள்களோடு வந்திருந்தான். எல்லாம் மலாயில். மாற்று வீட்டுத் திட்டத்துக்குப் பெயர் பதிய வேண்டும், அதை விளக்கிச் சொல் என்றார் அண்ணன். எனக்கு மலாய் நன்றாக வரும். தகரக் கூரைக்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்தை வரி வரியாகச் சொன்னேன். விளக்கக் கூட்டத்தில் கலந்துகொண்டோம், மாற்று வீடு பற்றித் தெரிவித்தார்கள், இவ்வளவுதான் அதில் இருந்தது. மழை இறங்கப் பார்த்தது. ஆட்கள் அவசரப்பட்டார்கள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.

"அது சும்மா பேரு, ஐசி கார்டு நம்பரு எழுதுற பக்கம்லா," என்றார் அண்ணன். "கையெழுத்து எங்கன்னு மட்டும் காட்டு. மழ வருது."

விரலை வைத்துக் காட்டினேன். ஒவ்வொருவருக்கும். இருபத்தேழு முறை.

இரண்டு வாரம் கழித்து, தேர்தலுக்கு முந்திய ஞாயிறு, வைபி சபைக்கு வருகிறார் என்று அண்ணன் சொன்னார். சொன்னது சனிக்கிழமை காலை, அவர் வீட்டுச் சமையலறையில். சிலையை இறக்கிவிட்டு அந்தச் சுவரில் வைபியின் பேனரை மாட்ட வேண்டும் என்றார். ஆராதனையின் நடுவில் அவர் தலையில் எண்ணெய் பூசி அபிஷேகம் செய்யப் போவதாகவும் சொன்னார்.

"அபிஷேகமா? யாருக்கு?"

"வைபிக்கு."

"அவரு போன வாரம் கோயில்ல மாலை போட்டு நின்னாரு. அது அவரு இஷ்டம், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா நீங்க எதுக்கு அண்ணே எண்ணெய் பூசணும்?"

அவர் இதற்குத் தயாராக இருந்தார். "பாரசீக ராஜாவுக்குக் கடவுள் யாருன்னே தெரியாது. ஆனா அவன் கையத்தானே கர்த்தர் பிடிச்சாரு? சிறைப்பட்ட சனங்கள அவன் மூலமாத்தானே ஊருக்கு அனுப்புனாரு? இவரும் அப்படித்தான். தோட்டத்து சனங்களுக்கு இவருதான் வீடு வாங்கிக் குடுக்கப் போறாரு."

"அந்த ராஜா பொறக்கறதுக்கு முன்னாடியே கர்த்தர் அவன குறிச்சி வச்சிட்டாரு. எந்தத் தீர்க்கதரிசியும் எண்ணெய் பாட்டில தூக்கிட்டு அவன் வாசல்ல போயி நிக்கல."

"அவருதான் நம்ம வாசலுக்கு வாராரு."

"அப்படின்னா இன்னும் மோசம்."

அண்ணி மீன் கறியைக் கிளறியவர் தலை நிமிரவே இல்லை. அண்ணன் என்னைப் பார்த்த பார்வை நன்றாக நினைவிருக்கிறது. அதில் கோபம் இல்லை. வழியில் நிற்கும் மாட்டைப் பார்த்து ஹாரன் அடிக்கலாமா, இறங்கி விரட்டலாமா என்று யோசிக்கும் லோரிக்காரனின் பார்வை அது. "சிலைய நான் இறக்க மாட்டேன்," என்றேன். "நீ இறக்க வேணாம். ஆள் இருக்கு," என்றார்.

மறுநாள் நான் படியேறியபோது சுவரில் வைபி சிரித்துக்கொண்டிருந்தார். மாடி நிறைந்துவிட்டது. தோட்டத்து ஆட்களை பஸ் வைத்துக் கூட்டி வந்து பின்வரிசைகளில் உட்கார வைத்திருந்தார்கள். வைபி முன்வரிசையில் புதுச் சட்டையோடு இருந்தார்.

அன்றைக்கு வேதம் வாசிக்கும் முறை என்னுடையது. அண்ணன் மாற்ற மறந்துவிட்டார், அல்லது எனக்குத் தைரியம் இருக்காது என்று நினைத்தார். அவர் குறித்துக் கொடுத்த பகுதியை நான் திறக்கவில்லை. அதே பாபிலோன் ராஜாவின் பிற்காலத்து அதிகாரத்தை எடுத்தேன். அரண்மனை மாடியில் உலாவிக்கொண்டு, இந்த நகரத்தை நானல்லவா கட்டினேன் என்று அவன் பெருமை பேசுகிறான். பேச்சு முடிவதற்குள் ராஜ்யம் அவனை விட்டுப் போகிறது. மனிதர்கள் அவனை விரட்டுகிறார்கள். மாடு மாதிரி புல் தின்கிறான். பனியில் நனைகிறான். மேலே இருக்கிறவர்தான் ஆளுகிறார், தமக்கு இஷ்டமானவனுக்குக் கொடுக்கிறார் என்று அவன் உணரும் வரைக்கும் அப்படியே கிடக்கிறான். நான் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வைபியைப் பார்த்தேன். அவர் கைப்பேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.

"போதும். ஒக்காரு," என்றார் அண்ணன்.

நான் நிறுத்தவில்லை. கீபோர்டு வாசிப்பவர் மைக்கை அணைத்துவிட்டார். தொழிற்சாலையில் எந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டை என்னுடையது. மைக் இல்லாமலே கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

அண்ணன் மேடையிலிருந்து சபையைப் பார்த்துப் பேசினார், என்னைப் பார்த்து அல்ல. "பொம்பளைங்க சபையில எப்ப வாய மூடணும்னு வேதத்துல இருக்கு. புருஷன் வீட்டுலயே அத கத்துக்காதவ இங்கயா கத்துக்கப் போறா?"

சிலர் சிரித்தார்கள். வைபியும் கைப்பேசியிலிருந்து தலை தூக்கிச் சிரித்தார். என்ன சிரிப்பு என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நான் கீழே இறங்கிவிட்டேன். அதனால் எண்ணெய் பூசியதை நான் பார்க்கவில்லை. பூட்டியிருந்த டயர் கடை வாசலில் நின்று கைதட்டலை மட்டும் கேட்டேன். அளவு தெரியாமல் ஊற்றி, காதோரம் வழிந்து, அவருடைய ஆள் டிஷ்யூவால் ஒற்றி எடுத்தானாம். அண்ணி பிறகு சொன்னார்.

அன்று மாலையே சபையின் வாட்சப் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். தீர்க்கதரிசன வகுப்பு இனி இல்லை என்று அறிவிப்பு வந்ததாம், அதை நான் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அண்ணி ஒரு கறுப்புக் குப்பைப் பையை வாசலில் வைத்தார். உள்ளே என் சிலை. ஆணியோடு பிய்த்து இழுத்ததில் மேல் ஓரம் முழுக்கக் கிழிந்திருந்தது. "அவருக்குத் தெரியாம கொண்டாந்தேன்," என்றார். அன்றோடு அந்த வீட்டுச் சாப்பாடும் நின்றது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தேர்தலுக்கு முந்திய மூன்று நாளும் நான் உபவாசம் இருந்தேன். அந்த ஆள் தோற்க வேண்டும் என்று. பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்து, இரண்டு ஷிப்ட் நின்று, அண்ணன் முகம் கருக வேண்டும் என்று மண்டியிட்டு ஜெபித்தேன். யாரிடமும் பட்டியல் கிடையாது என்று பத்து வருடம் பாடம் நடத்தியவள், கடவுளிடம் என் பட்டியலை நீட்டினேன்.

வைபி ஜெயித்தார். நல்ல வித்தியாசத்தில். அண்ணன் குரல் செய்தி அனுப்பினார். அதைக் கேட்டவுடன் அழித்திருக்க வேண்டும், பல தடவை கேட்டேன். "யாரு ஏத்தி வைக்கிறது, யாரு இறக்குறதுன்னு இப்ப தெரியுதாமா ஒனக்கு?"

ஐந்து மாதம் நான் எந்தச் சபைக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டேன். வைபி எப்போது விழுவார் என்று பத்திரிகை பார்ப்பதுதான் என் வேத வாசிப்பாக இருந்தது.

ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தோட்டத்து அக்கா ஒருவர் வாசலில் நின்றார். முன்பு நாற்றுப் பண்ணையில் வேலை செய்தவர், லயத்தில் கடைசி வீடு அவருடையது. சிரிக்கவில்லை, உள்ளே வரவில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் கையில் திணித்தார்.

"இத நீதானே படிச்சி சொன்ன?"

முதல் பக்கம் நான் சொன்னபடியே இருந்தது. இரண்டாம் பக்கத்தில், பெயர் எழுதும் கோடுகளுக்கு மேலே, சிறிய எழுத்தில் நான்கு வரி. வீட்டை விட்டு வெளியேற நானாகச் சம்மதிக்கிறேன். கம்பெனி தேதி சொன்னால் காலி செய்கிறேன். பிறகு எந்த உரிமையும் கேட்க மாட்டேன். எந்த வழக்கும் போட மாட்டேன். நான் விரல் வைத்துக் காட்டிய இடம் அதற்கு நேர் கீழே.

"நேத்து மெஷினு வந்துருச்சி," என்றார். "மொத வீட்டு செவுரு போச்சி. கேட்டா இந்தத் தாள காட்டுறான். ஒங்க அண்ணன் போன எடுக்க மாட்டேங்கறாரு. வைபி ஆபீசுக்குப் போனா மீட்டிங்ல இருக்காருன்னு சொல்றாங்க."

எனக்குத் தெரியாது அக்கா, நான் அன்றைக்கே சபையில் அவர்களை எதிர்த்து எழுந்து நின்றேன் அக்கா என்று ஏதோ உளறினேன்.

"பாத்தேன்," என்றார். "பின்னாலதான் ஒக்காந்திருந்தேன். ஏதோ ராஜா புல்லு தின்ன கதைய கத்திக் கத்திப் படிச்ச. எங்க கையெழுத்தப் பத்தி ஒரு வார்த்த சொல்லல."

என்னை யாரும் அறைந்தது இல்லை என்று சொல்ல முடியாது, கட்டியவன் அறைந்திருக்கிறான். இது அதைவிடப் பலமாக விழுந்தது. எண்ணெய்க்காகவும் பேனருக்காகவும் நான் சண்டை போட்ட அந்த நாளில், இருபத்தேழு கையெழுத்து ஏற்கெனவே போய்விட்டது. என் விரல் காட்டிய இடத்தில்.

வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவரோடு தோட்டத்துக்குப் போனேன். முதல் வீட்டின் பக்கச் சுவர் இல்லை. உள்ளே இருந்த அலமாரி வெயிலில் நின்றது. மண் தள்ளும் எந்திரம் செம்பனை நிழலில் அணைத்து நிறுத்தப்பட்டிருந்தது, ஓட்டுநர் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆட்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் காறித் துப்பினார், என் மேல் அல்ல, என் காலுக்குப் பக்கத்தில். நான் நகரவில்லை. நகர்ந்தால் அதற்கும் ஓர் அர்த்தம் இருந்திருக்கும்.

அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார். சட்டமன்றம் போகும் ஆட்கள் போடுவது மாதிரி பூப்போட்ட பாத்திக் சட்டை போட்டிருந்தார். தாளை அவர் முன்னால் போட்டேன்.

"ரெண்டாவது பக்கத்துல என்னா இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

பிறந்ததிலிருந்து அவரை நீங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அது மாறிவிட்டதை இருவருமே கவனித்தோம்.

அவர் தாளை எடுத்தார். நிதானமாகப் பார்த்தார். திருப்பி வைத்தார். "எனக்கு மலாய் அவ்வளவா படிக்க வராதுன்னு ஒனக்குத் தெரியும்தானே. அதுக்குத்தானே ஒன்ன கூட்டிட்டுப் போனேன்?"

லோரி ஓட்டிய காலத்தில் அவர் பெயர்ப்பலகைகளை எல்லாம் படித்துத்தான் ஓட்டினார். ஆனால் நான்கு வரி சட்ட மலாய் அவருக்குப் புரிந்திருக்குமா? அவருக்குத் தெரிந்தே என்னை உட்கார வைத்தாரா, அல்லது தாளைக் கொண்டுவந்தவன் அவரையும் ஏமாற்றினானா? இரண்டில் எது என்று நான் பலமுறை மாற்றி மாற்றி நம்பியிருக்கிறேன்.

"மழ வருது, கையெழுத்து எங்கன்னு காட்டுன்னு சொன்னது யாரு?"

"நான் சொன்னா நீ கேட்டுருவியா? சபையில நான் ஒக்காருன்னு சொன்னப்ப ஒக்காந்தியா?"

"மெஷினு நிக்குது அங்க. போயி ஒன் வைபிகிட்ட பேசு. நீதானே எண்ணெய் ஊத்தின?"

"ஒரு தடவ போயிட்டேன்," என்றார். முதல் முறையாக அவர் குரல் இறங்கியது. "காலையில இருந்து மூணு மணி வரைக்கும் ஒக்காந்தேன். பின்கதவு வழியா போயிட்டாரு." பிறகு உடனே நிமிர்ந்துகொண்டார். "எல்லாம் கர்த்தரு சித்தம். ராஜ்யங்களே அவரு கையில இருக்கறப்ப ஒரு தோட்டம் எம்மாத்திரம்? நீதானே அத பத்து வருஷமா சொல்லிக் குடுத்த?"

நான் பாடமாக நடத்திய வாக்கியம் அது. என் வாயிலிருந்து எடுத்து என் மேலேயே துப்பினார். நான் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், அழகான சொற்கள் இல்லை. "கடவுள ஒன் லோரி மாதிரி ஓட்டாத. ஒரு நாளைக்கு ஒன் மேலயே ஏறும்." அவர் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். அண்ணி அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

அடுத்த வாரம் அக்காவையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனேன். இலவசமாக வழக்கு எடுக்கும் இளம் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "அவுங்களுக்கு ரெண்டாவது பக்கத்த யாரும் படிச்சிக் காட்டலன்னு நீங்க எழுதித் தரணும். யாரு என்ன சொன்னாங்கன்னு அப்படியே எழுதணும். ஒங்க பேருக்கும் அசிங்கம்தான். முடியுமா?"

முடியும் என்றேன். அண்ணன் சொன்னதை, மழையை, என் விரலை, எல்லாவற்றையும் எழுதினேன். பிரமாண அதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது அக்கா கேட்டார்: "அந்தப் புல்லு தின்ன ராஜா இருந்தானே, அவன் காட்டுல கெடந்தப்ப ஊர யாரு பாத்துக்கிட்டா?"

"அதெல்லாம் எழுதல அக்கா."

"சனங்க என்னா ஆனாங்கன்னு யாரும் எழுத மாட்டாங்கபோல," என்றார்.

கோர்ட்டு தடை போட்டு எந்திரத்தை நிறுத்தியது. வழக்கு இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. அண்ணனின் சபை ஆட்கள் என் வீட்டுக் கதவில் வசனம் ஒட்டினார்கள், துரோகிகளுக்கு வரும் முடிவைப் பற்றி. ஒரு முறை என் கார்க் கண்ணாடியில் எண்ணெய் ஊற்றியிருந்தது. யார் என்று தெரியாது, தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. இதற்கிடையில் வைபி கட்சி மாறினார். கட்சி மாறிய வாரத்தில் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? விருந்து நடுவே சுவரில் ஒரு கை தோன்றி, நீ தராசில் குறைவாக இருக்கிறாய் என்று எழுதியதைக் கண்ட ராஜாவின் கதையை எடுத்து, வைபியின் பெயரைச் சொல்லியே பிரசங்கம் செய்தாராம். எண்ணெய் ஊற்றிய அதே மேடையில். ஆமென் சத்தம் டயர் கடை வரைக்கும் கேட்டதாம். நான் எழுந்து நின்று கத்தியதற்கு வெளியே தள்ளினார்கள், அவர் அதையே கத்தி அன்பளிப்பாக ஒரு புது மைக் வாங்கிக்கொண்டார்.

கடைசியில் வீடு கட்டும் கம்பெனி பேச்சுவார்த்தைக்கு வந்தது. கடைசி வரை வீட்டை விட்டு நகராமல் வழக்கில் நின்ற பன்னிரண்டு குடும்பத்துக்கு, புதுக் குடியிருப்பின் ஓரத்தில் ஆளுக்கொரு வரிசை வீடு. இடையில் பயந்து காலி செய்து போன பதினைந்து குடும்பத்துக்கு ஒன்றும் கிடையாது. அவர்களில் சிலர் சிலிபினில் கடைமாடிகளில் இருக்கிறார்கள், ஒரு குடும்பம் பாகான் டத்தோ பக்கம் உறவுக்காரர்களின் தென்னந்தோப்புக்குப் போய்விட்டது. போங்கள், கடவுள் வேறு கதவைத் திறப்பார் என்று அவர்களை வீடு வீடாகப் போய்ச் சமாதானப்படுத்தி அனுப்பியவர் அண்ணன்.

அக்கா வீட்டுப் புதுமனை விழாவுக்குப் போன மாதம் போனேன். காலையில் பூசை முடிந்து, வீட்டின் முன்னால் கூடாரம் போட்டு இலைச் சாப்பாடு. நான் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு கார் வந்து நின்றது. அண்ணனும் அண்ணியும் இறங்கினார்கள். அண்ணன் கையில் வேதப் புத்தகம் இருந்தது. அழைத்தது யார் என்று தெரியவில்லை.

"வீட்டுக்கு ஒரு ஜெபம் பண்ணிரட்டுமாக்கா?" என்றார்.

"வேணாம் பாஸ்டர்," என்றார் அக்கா, சோற்றுக் கரண்டியைக் கீழே வைக்காமல். "காலையிலேயே ஐயர் வந்து முடிச்சிட்டாரு. ஒக்காந்து சாப்டுங்க."

அவர் என் எதிர்வரிசையில் உட்கார்ந்தார். முடி நிறைய நரைத்திருந்தது. அண்ணி என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நானும் அசைத்தேன். அண்ணன் சாம்பார் ஊற்றிப் பிசைந்துகொண்டே பக்கத்தில் இருந்தவரிடம், என் காதில் விழ வேண்டிய அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்: "எல்லாத்தையும் கர்த்தர்தான் முடிச்சி வச்சாரு. யாரோ ஒருத்தி கையெழுத்துனால ஒண்ணும் நடக்கல."

அதில் முதல் வாக்கியத்தை நான் இன்னும் நம்புகிறேன். அதுதான் பிரச்சினையே. ராஜாக்களின் மேல் ஒருவர் இருக்கிறார் என்று நம்பாவிட்டால் நான் இந்த இரண்டு வருடத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் அந்த மனிதர் வாயில் சோற்றோடு அதைச் சொன்னபோது இலையைத் தூக்கி அவர் முகத்தில் எறிய வேண்டும் போல் இருந்தது. எறியவில்லை. மடித்தேன், கை கழுவினேன், அக்காவிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

கேட்டுக்கு வெளியே இரண்டு பெண்கள் வெயிலில் நின்றிருந்தார்கள். வீடு கிடைக்காத பதினைந்து குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். விழாவுக்கு உடுத்தும் சேலை இல்லை, வேலைக்குப் போகும் உடுப்பு. மூத்தவர் என்னைத் தடுத்தார்.

"ஒங்க அண்ணன் உள்ள இருக்காரா?"

"இருக்காரு. சாப்டுட்டு இருக்காரு," என்றேன். "போங்க."

அவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடாரத்துக்குள் போனார்கள். நான் காரில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பவில்லை. சன்னலை முழுக்க இறக்கிவிட்டேன்.